கணக்கு இடுப்பில் இருக்கிறது

தேனி மாவட்டம் போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் போய், "அண்ணே, அம்பது கிலோ காய் இருக்கு, என்ன விலைக்கு எடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மொதல்ல காயைக் காட்டுங்க தம்பி" என்பார். நாலு காயை உள்ளங்கையில் போட்டு உருட்டுவார். பச்சை எப்படி நிற்கிறது, சல்லடையில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பார். அதற்கும் மேலே ‘லிட்டர் வெயிட்’ என்று ஒன்று உண்டு. ஒரு லிட்டர் பாத்திரத்தில் காயை நிரப்பித் தலை தட்டி, எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பது. அக்மார்க் தரவரிசையில் ‘எக்ஸ்ட்ரா போல்டு’ என்று பெயர் வாங்க, காய் ஏழு மில்லிமீட்டர் பருமன் இருந்தால் போதாது. லிட்டருக்கு 435 கிராமும் நிற்க வேண்டும். ஏனென்றால் வெளியே ஒரே பருமனில் இருக்கும் இரண்டு காய்களில் ஒன்றுக்குள் அரிசி திரண்டிருக்கும், இன்னொன்று பொக்காக இருக்கும். தோலைப் பார்த்துப் பணம் கொடுத்தவன் பிழைத்ததில்லை.

காயை இத்தனை நுணுக்கமாக எடை போடத் தெரிந்த ஊர், தன் உடம்பென்று வரும்போது ஒற்றை எண்ணோடு நின்றுவிடுகிறது. மருந்துக்கடை வாசலில் நிற்கும் மெஷினில் ஏறி, வந்த கிலோவைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம், அல்லது சலித்துக்கொள்கிறோம். கொஞ்சம் விவரமானவர் செல்போனில் உயரத்தையும் எடையையும் தட்டி பிஎம்ஐ பார்ப்பார். 24 என்று வரும். பக்கத்திலேயே பச்சை நிறத்தில் ‘நார்மல்’ என்று இருக்கும். அன்று ராத்திரி பரோட்டாவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது!

அந்தப் பச்சை, பெரும்பாலும், போடிக்காரருக்காகத் தீட்டப்பட்ட பச்சை கிடையாது.

கணக்கு எளிதுதான். எடையைக் கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்குங்கள். வந்த விடையால் எடையை வகுத்தால் கிடைப்பதுதான் உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பிஎம்ஐ. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒரு பெண் 52 கிலோ என்றால், ஒன்றரையை ஒன்றரையால் பெருக்க 2.25, 52-ஐ அதனால் வகுக்க 23.1. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அட்டவணைப்படி 18.5-க்குக் கீழே குறை எடை, 25-க்குக் கீழே வரை சரியான எடை, 25 தொட்டால் கூடுதல் எடை, 30 தொட்டால் உடல் பருமன். அப்படியானால் இந்த 52 கிலோ பெண் பத்திரமாக இருக்கிறார். இந்திய அட்டவணையைக் கையில் எடுத்தால் கோடு 23; அவர் அதைத் தாண்டிவிட்டார். ஒரே உடம்பு, ஒரே எண், இரண்டு தீர்ப்பு.

ஒரே சாலை, இரண்டு முனை

போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் விடியலுக்கு முன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். ஏறுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கையில் தூக்குவாளி, தோளில் ஒரு பை, தலையில் சுற்றிய துண்டு. போடியிலிருந்து கிளம்பும் ஜீப், போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி எல்லை தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தம்பாறை, ராஜகுமாரி என்று பிரிந்துபோகும் தோட்டங்கள். ஏலச்செடி ஆளைவிட உயரமாக வளரும், காய்ப்பதோ அடிவாரத்தில். தூரிலிருந்து தரையோடு தரையாகச் சரம் ஓடும். காய் அதில்தான் இருக்கும். ஆகவே காயெடுப்பு என்பது குனிந்தும் குந்தியும் நகரும் வேலை. சரிவில், ஈரத்தில், மழைக்காலமானால் அட்டைக் கடியோடு. சாயங்காலம் அவரவர் எடுத்த காயை எடை போட்டு நோட்டில் எழுதுவார்கள். பிறகு மறுபடி ஜீப், மறுபடி 17 வளைவு, வீட்டுக்கு வந்து அடுப்பு.

இந்த வேலையில் இருபது முப்பது வருடம் ஓடிய ஒருவர் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக, 41 கிலோவில் இருப்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் வியப்பளிக்காது. கணக்குப் போட்டால் பிஎம்ஐ 18 பக்கம் வரும். குறை எடைக் கோட்டுக்குக் கீழே.

அதே சாலையின் கீழ் முனைக்கு வாருங்கள். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் போடியில் இருக்கிறது. மாதிரிக் காய் கையில், விலை கணினித் திரையில். வியாபாரிகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏலம் கேட்கிறார்கள். கடைக்குத் திரும்பினாலும் நாற்காலிதான். காயைத் தரம் பிரிக்கும் கூடங்களில் பெண்கள் வரிசையாகத் தரையில் அமர்ந்து பொறுக்குகிறார்கள். இவர்களில் எத்தனையோ பேரின் அம்மாவும் அத்தையும் மலை ஏறியவர்கள். மலை போய்விட்டது, அந்த மலைக்காகப் பழகிய சோற்றின் அளவு அப்படியே இருக்கிறது. அரிசிச் சோறு, குழம்பு, நடுவில் இனிப்புத் தூக்கலான டீ, கூட ஒரு வடை. 2025-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர்–இந்தியாப் (INDIAB) உணவு ஆய்வு, இந்தியர் ஒருவர் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து என்கிறது. காலை முதல் மாலை வரை சரிவில் குனிந்து நிமிர்பவருக்கு அது எரிபொருள். உட்கார்ந்திருப்பவருக்கு அது போய்ச் சேரும் இடம் வேறு.

தமிழ்நாட்டின் நிலையும் இதே இரட்டை முகம்தான். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 12.6 சதவீதம் பேர் குறை எடை, 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடை அல்லது பருமன். அதே பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. கூட்டிப் பார்த்தால் நூறைத் தாண்டுகிறதே என்று குழம்ப வேண்டாம். எடை கூடிய உடம்பிலும் இரும்புச்சத்து இல்லாமல் போகலாம் என்பதுதான் அதன் அர்த்தம். இன்னொன்று: அந்த 40.4 என்பது 25 என்ற உலகக் கோட்டை வைத்து எண்ணியது. 23-ஐ வைத்து எண்ணினால் எங்கே போய் நிற்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

வானத்தை அளந்தவர் மனிதனை அளந்தார்

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. அடோல்ஃப் கெட்லே, 1796-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பிறந்த கணித மேதை, வானியலாளர். நட்சத்திரங்களை அளக்கப் பயன்பட்ட புள்ளியியலைக் கொண்டு மனிதர்களை அளந்தால் என்ன என்பது அவருக்கு வந்த யோசனை. ‘சராசரி மனிதன்’ யார் என்று தேடினார். வளர்ந்த மனிதர்களின் எடை, ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்துக்கு இணையாகக் கூடுகிறது என்று 1830-களில் எழுதிவைத்தார். குண்டு, ஒல்லி, நோய் என்ற கவலையெல்லாம் அவருக்கு இல்லை. கூட்டத்தைப் பற்றிய கணக்கு அது. தனி ஆளைப் பற்றியது கிடையாது.

நூறு வருடத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. இடையில் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகள், யார் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று பார்த்து, உயரத்துக்கு இத்தனை எடை என்று அட்டவணை போட்டுக்கொண்டிருந்தன. பிரீமியம் வசூலிக்க வேண்டுமே! 1972-ல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை வைத்துப் பல சூத்திரங்களை ஒப்பிட்டார். கெட்லேயின் பழைய கணக்கு, குறை இருந்தாலும் மற்றவற்றுக்குச் சளைத்ததில்லை என்று முடிவு செய்து, பிஎம்ஐ என்று பெயர் வைத்தார். அமெரிக்கா, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா. அந்த ஆய்வில் இந்தியா இல்லை. பெண் ஒருவர்கூட இல்லை.

கோடுகளும் வானத்திலிருந்து விழுந்தவை இல்லை. அமெரிக்காவில் 1998 வரை ஆண்களுக்குக் கூடுதல் எடை 27.8-ல்தான் தொடங்கியது. அந்த வருடம் அரசு நிறுவனம் அதை 25-க்கு இறக்கியது. முந்தின நாள் சாதாரண எடையில் தூங்கப்போன ஏறக்குறைய மூன்று கோடி அமெரிக்கர்கள், ஒரு கிராம்கூடக் கூடாமல் மறுநாள் ‘கூடுதல் எடை’க்காரர்களாக எழுந்தார்கள். கோட்டை எங்கே கிழிப்பது என்பது மனிதர்கள் கூடிப் பேசி எடுக்கும் முடிவு. ஆபத்து கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படிப்படியாகத்தான் ஏறுகிறது.

நம் நாட்டில் இந்த எண்ணின் கதை பசி என்ற வேறு முனையிலிருந்து தொடங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். கீஸ் இரண்டாம் உலகப் போரின் கடைசி நாட்களில் மின்னசோட்டாவில் பட்டினியை ஆராய்ந்தவர். மனிதன் சாப்பாடு குறைந்தால் என்ன ஆகிறான் என்பது அவருடைய பழைய கேள்வி. 1980-களின் கடைசியில் ஊட்டச்சத்து அறிஞர்கள், 18.5-க்குக் கீழே உள்ள பிஎம்ஐ-யை நாள்பட்ட பசியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கெடுப்புகளில் இந்தியக் கிராமங்கள் அந்த அளவுகோலில்தான் நின்றன. எத்தனை பேர் குண்டு என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை பேருக்கு வயிறு நிறையவில்லை என்று கேட்கத்தான் இந்த எண் இங்கே பயன்பட்டது. காயெடுக்கப் போகும் பெண்ணின் 18-ஐப் பார்த்து, "சூப்பர், ஸ்லிம்மா இருக்கீங்க" என்று யாராவது சொன்னால் அவரை மன்னிக்க முடியாது. சோர்வு, இரத்தசோகை, காசநோய்க்கு எளிதில் ஆளாகும் உடம்பு, எடை குறைந்து பிறக்கும் பிள்ளை. கீழ்க்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவை இவை.

இரண்டு டாக்டர்கள், ஒரே 22.3

புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக்கும், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் நண்பர்கள். இருவரும் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள். 2004-ல் ‘லான்செட்’ இதழில் இருவரும் தங்கள் படத்தை வெளியிட்டார்கள். இருவரின் பிஎம்ஐ-யும் 22.3. எந்த அட்டவணையை எடுத்தாலும் இருவரும் ‘நார்மல்’. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று கருவியில் பார்த்தபோது வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம். புனேக்காரருக்கு 21.2 சதவீதம்.

வியாபாரி உருட்டிப் பார்த்த இரண்டு காய்கள்தான் இவர்கள். வெளி அளவு ஒன்று, உள்ளே இருப்பது வேறு. பிஎம்ஐ தசையையும் கொழுப்பையும் எலும்பையும் தண்ணீரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மொத்தமாகத் தராசில் வைக்கிறது. சாப்பிட்ட சர்க்கரையைப் பெருமளவு இழுத்துச் செலவழிப்பது தசை. அது நமக்குப் பொதுவாகக் குறைவு. மிஞ்சும் சக்தியைக் கொழுப்பாகப் பத்திரப்படுத்தும் இடம் தோலுக்கு அடியில். அந்த அறை நம் ஆட்களுக்குச் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நிரம்பியபின் கொழுப்பு வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் போய்த் தங்குகிறது. அங்கே தங்கும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. இன்சுலினின் பேச்சை உடம்பு கேட்காமல் செய்கிறது. இரத்தக் கொழுப்பையும் அழுத்தத்தையும் கிளறிவிடுகிறது. கை கால் குச்சி மாதிரி, முகம் வற்றல், நடுவில் மட்டும் தொப்பை. நம் ஊரில் இந்த உருவத்தைத் தெருவுக்கு நாலு பேரிடம் பார்க்கலாம். "ஆளு ஒல்லிதான், தொந்திதான் கொஞ்சம்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்தக் ‘கொஞ்சத்தில்’தான் விஷயமே இருக்கிறது.

யாக்னிக் குழு இதன் வேரைத் தேடிக் கருவறை வரை போனது. புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஒப்பிட்ட இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தை தசையிலும் உறுப்புகளின் அளவிலும் சிறுத்திருந்தது. தோலடிக் கொழுப்பில் மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் கொழுத்த குழந்தை! இதைப் படித்தபின் மலைச்சரிவையும் ஊரையும் தனித்தனிக் கதைகளாக என்னால் பார்க்க முடியவில்லை. 41 கிலோ தாய்க்குப் பிறந்த பெண், போடியில் உட்கார்ந்த வேலைக்கு வந்து 58 கிலோ ஆகிறாள் என்று வையுங்கள். பசிக்குத் தயாராகி வந்த உடம்பில், பசி இல்லாத வாழ்க்கை வந்து இறங்குகிறது. அம்மாவின் 18-க்கும் மகளின் 25-க்கும் இடையில் தொப்புள்கொடி உறவு இருக்கிறது.

கோட்டை இறக்கிய இடம்

இதெல்லாம் சேர்ந்து, 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்கட்டும், 27.5-ல் ஆபத்து கூடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம் என்றது. பொதுக் கோடுகளை அழித்துவிடவும் இல்லை. இந்திய மருத்துவர்கள் 2009-ல் கூடி இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்: 23 தொட்டால் கூடுதல் எடை, 25 தொட்டால் பருமன். கூடவே இடுப்பளவு: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80.

கோட்டை இவ்வளவு இறக்கியது அதிகப்படியோ என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பதில் வந்தது. அங்கே வாழும் சுமார் 14.7 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். பிஎம்ஐ 30 உள்ள வெள்ளையருக்கு எவ்வளவு நீரிழிவு ஆபத்தோ, அதே ஆபத்து தெற்காசிய வம்சாவளியினருக்கு 23.9-லேயே வந்துவிடுகிறது. ஆக, செல்போனில் 24 பார்த்துப் பரோட்டா சாப்பிட்டவர், லண்டன் கணக்கில் 30-ல் நிற்கிறார்.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வு (சென்னை மோகன் ஆய்வுக் குழுவினர் முன்னின்று நடத்தியது) நாட்டில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்றது. பலரும் அந்த எண்ணோடு நின்றுவிட்டார்கள். அதே ஆய்வில் பிஎம்ஐ-படி பருமன் 28.6 சதவீதம், இடுப்பளவுப்படி வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். தராசு விட்டதை டேப் பிடித்திருக்கிறது.

அளக்கத் தெரிந்து அளக்க வேண்டும்

முகாம்களில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். "செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கம்மா" என்கிறார் செவிலியர். செருப்பைக் கழற்றுகிறார், இடுப்பில் சொருகிய சுருக்குப்பையும் சாவிக்கொத்தும் அப்படியே. அது போகட்டும், கால் கிலோதான். பிரச்சினை உயரத்தில்தான். சுவரில் ஒட்டிய அளவுகோலில் முதுகு சாயாமல், கொண்டைக்கு மேல் பலகையை வைத்து, "நூத்தி அம்பத்திரண்டு" என்று எழுதினால் முடிந்தது. நம் 52 கிலோ பெண்ணுக்கு உயரம் 152 என்று எழுதினால் பிஎம்ஐ 22.5, கோட்டுக்குள். உள்ளபடி 150 என்று எழுதினால் 23.1; கோட்டுக்கு வெளியே. இரண்டு சென்டிமீட்டர் கொண்டை ஒருவரை ஆரோக்கியசாலி ஆக்கிவிடுகிறது. உயரத்தைப் பெருக்கி வகுக்கிறோம் என்பதால் அதில் வரும் பிழையும் பெருகும். கொண்டையை அவிழ்த்து, குதிகால், பிட்டம், முதுகு சுவரைத் தொட நிற்கவைத்து, கண் நேர்ப்பார்வையில் இருக்க, பலகையை மண்டையோட்டில் அழுத்தி எடுப்பதுதான் முறை.

இடுப்பளவும் அப்படித்தான். டெய்லர் பேன்ட்டுக்கு எடுக்கும் இடமோ, பாவாடை நாடா கட்டும் இடமோ இதற்கு உதவாது. தொப்பை உள்ளவரின் பேன்ட் தொப்பைக்குக் கீழே நழுவி நிற்கும். அங்கே அளந்தால் முப்பத்திரண்டு இஞ்சு என்று பெருமையாக வரும். கடைசி விலா எலும்பைத் தடவிக் கண்டுபிடியுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பைக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பை வையுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சைச் சாதாரணமாக விட்டு முடித்த நேரத்தில் படியுங்கள். டேப் தோலை அழுத்தக் கூடாது, தொங்கவும் கூடாது. டேப் இல்லையா? உங்கள் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி இரண்டாக மடியுங்கள். அது இடுப்பைச் சுற்றி வந்து முட்டிவிட்டால் பயமில்லை. முட்டவில்லை என்றால் டாக்டரைப் பார்க்கும் நேரம். இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பே 2022-ல் சொன்னது. அரைஞாண் கயிறு கட்டிய தாத்தாக்களுக்கு இந்த வழிகாட்டி தேவைப்படவில்லை. கயிறு தடம் பதிக்கத் தொடங்கினால் அவர்களுக்கே தெரியும்.

குள்ளமானவர்களுக்கு பிஎம்ஐ கொஞ்சம் சலுகை காட்டுகிறது என்ற வாதமும் உண்டு. ஆக்ஸ்போர்டு கணிதப் பேராசிரியர் நிக் ட்ரெஃபெதன் 2013-ல், உயரத்தின் வர்க்கம் போதாது, அடுக்கை இரண்டரை ஆக்க வேண்டும் என்று ஒரு புதுச் சூத்திரம் சொன்னார். அதில் நம் 150 சென்டிமீட்டர் பெண்ணின் 23.1, 24.5 ஆகிறது. மருத்துவ உலகம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஐந்தடிப் பெண்கள் நிறைந்த நம் பக்கத்தில் 23-ஐத் தாராளமான கோடு என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

குழந்தைகளுக்கு இந்த எண்களை வைத்துப் பார்க்கவே கூடாது. வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணை தனி. கர்ப்பிணிகளுக்கும் பொருந்தாது. எழுபது வயதுத் தாத்தாவின் பிஎம்ஐ 23-லிருந்து 20-க்கு இறங்கினால் கைதட்ட வேண்டாம். போனது கொழுப்பா தசையா என்று பாருங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்பது அந்த வயதில் எடையைவிடப் பெரிய கேள்வி.

இவ்வளவையும் சொல்லிவிட்டு பிஎம்ஐ-யைத் தூக்கி எறியச் சொல்கிறேனா என்றால், கிடையாது. இரண்டு நிமிடத்தில், ஊசி குத்தாமல், காசில்லாமல் கிடைக்கும் எண் அது. ஒரு மாவட்டத்தின் நிலை தெரிய வேண்டுமானால் அதற்கு நிகரில்லை. 32, 35 என்று வருபவர் "எனக்கு எலும்பு கனம்" என்று சமாதானம் சொல்வதில் அர்த்தமில்லை. 2025 ஜனவரியில் லான்செட் குழு ஒன்று சொன்னதும் இதுதான்: பிஎம்ஐ-யை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று முத்திரை குத்தாதீர்கள், இடுப்பைப் பாருங்கள், உறுப்புகள் பாதித்திருக்கிறதா பாருங்கள். முதல் சல்லடையாக அது இருக்கட்டும்.

ஏனோ நம் பேச்சு வழக்கமே எடைக் குறைப்புக்கு எதிராக வேலை செய்கிறது. "என்ன மதினி, இப்பிடி மெலிஞ்சு போயிட்டீங்க? சுகர் கிகர் இருக்கா?" என்று கேட்பார்கள், மூன்று மாதம் நடந்து ஐந்து கிலோ குறைத்தவரிடம். எடை போட்டவரைப் பார்த்தாலோ, "பூசினாப்புல நல்லா இருக்கு." பட்டினி பார்த்த சமூகம் சதையைச் செழிப்பாகப் படித்ததில் நியாயம் இருந்தது. இன்றைக்கு அந்த வாழ்த்துக்குப் பின்னால் மாத்திரைச் சீட்டு வருகிறது.

தராசு நகரவில்லை, நோய் நகர்ந்தது

சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வின் முடிவு 2006-ல் வந்தது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான பொது அறிவுரை, இன்னொரு பிரிவினருக்கு உணவிலும் நடையிலும் தொடர்ந்த வழிகாட்டல், மற்றவர்களுக்கு மருந்தும். ஏறத்தாழ மூன்று வருடத்தில், பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவும் நடையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். ஆபத்து கால்வாசிக்கு மேல் குறைந்திருக்கிறது.

இதில் என்னை நிறுத்தி வைத்த வரி வேறு. அந்தப் பிரிவினரின் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை! இதே போன்ற அமெரிக்க, பின்லாந்து ஆய்வுகளில் எடை இறங்கியதால் நோய் தள்ளிப்போனது. இங்கே தராசு முள் அசையாமலே தள்ளிப்போனது. தினமும் நடக்கத் தொடங்கி, சோற்றைக் குறைத்து, எண்ணெயைக் கட்டுப்படுத்தியும் எடை மெஷின் மரியாதை தரவில்லை என்று மூன்றாம் வாரத்தில் நடையை நிறுத்துபவர்கள் ஏராளம். போடித் தெருக்களில் விடிகாலையில் கைவீசி நடப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறை மெஷினில் ஏறட்டும். அதோடு டேப்பையும் எடுக்கட்டும். இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் நடை வேலை செய்கிறது.

இப்போது புதிதாக எடை குறைப்பு ஊசிகள் வந்திருக்கின்றன. மவுன்ஜாரோ, வெகோவி இரண்டும் 2025-ல் இந்தியச் சந்தைக்குள் நுழைந்தன. பெரும்பாலும் பிஎம்ஐ 30, அல்லது கூடவே நோய் இருந்தால் 27 என்பதுதான் அவற்றுக்கான வாசல். ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் பிரீமியத்தை முடிவு செய்த எண், இப்போது மருந்துச் செலவை முடிவு செய்கிறது. கொண்டையை அவிழ்த்து உயரம் எடுப்பது இனி பணவிஷயமும்கூட.

மறுபடி அந்த ஜீப்புக்கு வருகிறேன். தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீட்டுக்கே வந்து சுகரும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கும் நல்ல திட்டம். ஆனால் பகல் பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் ஏலத்தோட்டப் பெண் வீட்டில் இருக்க மாட்டார். அவர் அந்நேரம் வேறு மாநிலத்தில், சரத்தின் அடியில் குந்தியிருக்கிறார். தூங்குவது தேனி மாவட்டத்தில், உழைப்பது இடுக்கி மாவட்டத்தில். இரண்டு மாநிலங்களின் சுகாதாரப் பதிவேட்டுக்கும் நடுவில் விழுந்துவிடும் ஆள். 18 என்று எழுதி இரும்புச்சத்தும் பருப்பும் முட்டையும் தேவை என்று சொல்லப்பட வேண்டியவரும் அவர்தான். மலையேறுவதை விட்டபின் இடுப்பை அளந்துகொண்டே இருக்க வேண்டியவரும் அவர்தான். போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப் வந்து நிற்கும் இடங்களில் மாலை ஆறரை மணிக்கு ஒரு மேசை போட்டால் போதும். எடை மெஷின், உயரப் பலகை, டேப், பிரஷர் கருவி, விரல்நுனி இரத்தத்தில் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப், ஹீமோகுளோபின் பார்க்க ஒரு கருவி. ஒருவருக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். அன்றைய கூலி போகாது. முதல் வாரம் தேவாரத்திலேயே தொடங்கலாம்.